இன வேற்றுமையை மறக்கச் சொல்லும் நாட்டில், ஆவணங்களில் இனம் எதற்கு?

கேள்வி: ஈசூன் வாசகி

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள், காலையில் கொடியேற்றத்தின்போது இன, மொழி, சமய வேற்றுமைகளைக் கடந்து ஒன்றுபடுவதாக உறுதிமொழி எடுக்கிறாள். பிறகு தாய்மொழிப் பாடத்திற்காகத் தோழிகளைப் பிரிந்து வேறு வகுப்பறைக்குப் போகிறாள். பிறப்புச் சான்றிதழில் தன்னை ஏன் இந்தியர் என்று பதிந்திருக்கிறார்கள் என்று நேற்று கேட்டாள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற பகுப்பு இனியும் சிங்கப்பூருக்குத் தேவையா?

மறுமொழி: தெம்பனிஸ் வாசகர்

தேவை என்றே நினைக்கிறேன், சகோதரி. 1964 இனக் கலவரங்களைக் கண்ட தலைமுறைக்கு, ஓரினக் குடியிருப்புகள் மீண்டும் உருவாவது வெறும் புள்ளிவிவரச் செய்தியாக இருக்கவில்லை. அந்த அச்சத்தால்தான் 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்து, வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளில், ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடுகள் வரை வாங்கலாம் என்பதற்கு வரம்பு வைத்தது. என் பிள்ளைகள் மலாய் பேசக் கற்றது பள்ளியில் அல்ல, புளோக்கின் கீழ்த்தளத்தில்.

மறுமொழி: ஜூரோங் வாசகி

ஐயா சொல்வதை மறுக்கவில்லை; ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். ஒரு புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிரம்பிவிட்டால், அங்கே வீடு வைத்திருக்கும் இந்தியரோ மலாய்க்காரரோ அதைச் சீனருக்கு விற்க முடியாது. 2020 கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் 74.3 விழுக்காட்டினர் சீனர் என்னும்போது, வாங்க வரக்கூடியவர்களில் பெரும்பகுதியினர் விலகிப்போகிறார்கள். விலையைக் குறைக்காமல் விற்பது கடினம். இத்தகைய வீடுகளில் சிலவற்றைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று 2022ல் அறிவிக்க நேர்ந்ததே, சுமை சிறுபான்மையினர் மீது விழுந்ததற்குச் சான்று. ஒற்றுமை எல்லாருக்குமானது என்றால், அதன் செலவையும் எல்லாரும் பகிர வேண்டும்.

மறுமொழி: சிராங்கூன் வாசகர்

எனக்கு வேறொரு கவலை. 2011 முதல் கலப்பு மணத் தம்பதியர் தங்கள் குழந்தைக்கு இரட்டை இனம் பதியலாம். ஆனாலும் வீட்டு வரம்பைக் கணக்கிடும்போது முதலில் எழுதிய இனமே செல்லும். வாழ்க்கை கலந்துவிட்டது, கணக்கு இன்னும் கலக்கவில்லை. வீட்டு வரம்பிலும் அடையாள அட்டையிலும் இனத்தைக் கைவிடலாம் என்பேன்.

மொழியில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அரசமைப்புச் சட்டம் தமிழை அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. எனினும் நம் பிள்ளைகளில் பலரைத் தமிழ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது "இந்தியர்" என்ற அந்தப் பதிவுதான். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010ல் 3.3 விழுக்காடாக இருந்து 2020ல் 2.5 விழுக்காடாகக் குறைந்திருக்கும் நிலையில், பதிவை நீக்கிவிட்டு விருப்பப்பட்டவர் படிக்கட்டும் என்று விட்டால் எத்தனை பெற்றோர் தமிழைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஈசூன் சகோதரி, உங்கள் மகளுக்கு அந்த உரிமை கிடைத்தால் நீங்கள் எதைத் தேர்வீர்கள்?

மறுமொழி: ஈசூன் வாசகி

தமிழைத்தான், ஐயா. அதோடு, கூடப் படிக்கும் மலாய்த் தோழி விரும்பினால் அவளும் அந்த வகுப்பில் வந்து அமர வழி இருக்க வேண்டும் என்று கேட்பேன்.