ஜிஹெச்ல நரம்பு டாக்டர பாக்க முன்கூட்டியே நேரம் வாங்க வழி இருக்கா? மூணு தடவ அலைஞ்சாச்சு

ஆத்தங்குடியான்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயசு, நாப்பது வருசம் டைல்ஸ் பட்டறைல வேல பாத்தவரு, கண்ணாடி மேல அச்சு வச்சி கலர் சிமெண்ட் ஊத்துற வேல. ஒரு வருசமா கை நடுங்குது. மொதல்ல டீ கிளாஸ் தூக்கையில மட்டும் இருந்துச்சு, இப்ப பேங்க்ல கையெழுத்து ஒத்துப்போகலன்னு பாஸ்புக்க திருப்பி குடுக்குற அளவுக்கு வந்துருச்சு. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கேன், ஞாயித்துக்கெழம தான் லீவு, மத்த நாள் லீவு போட்டா சம்பளத்துல புடிச்சிருவாங்க.

மொத தடவ பக்கத்து ஜிஹெச் போனோம், காலைல பத்தரைக்கு போயி ஓபி சீட்டு வாங்கி உக்காந்தா பொது டாக்டர் பாத்துட்டு இது நரம்பு டாக்டர் பாக்கணும், இங்க இல்ல, பெரியாஸ்பத்திரிக்கு போங்கன்னு எழுதி குடுத்தாரு. சரின்னு அடுத்த மாசம் இன்னொரு லீவு போட்டு ராத்திரி பஸ் புடிச்சி வந்து அப்பாவ கூட்டிட்டு பெரியாஸ்பத்திரி போனா நரம்பு ஓபி நேத்தே முடிஞ்சிருச்சு, இனி அடுத்த வாரம்னுட்டாங்க. மூணாவது தடவ கெழம பாத்து கரெக்டா போனேன், அன்னைக்கி டாக்டர் ஏதோ கேம்ப் டூட்டில போயிட்டாராம். அப்பா திரும்பி வரையில பஸ்ல ஒரு வார்த்த பேசல. எந்த ஆஸ்பத்திரின்னு எழுத விரும்பல, அங்க உள்ளவங்க மேல கோவம் இல்ல, கூட்டத்த நானே கண்ணால பாத்தேன்.

என் கேள்வி இதான், தனியார்ல போன் போட்டு டோக்கன் சொல்ற மாதிரி கவர்மெண்ட்ல முன்கூட்டியே அப்பாயின்மெண்ட் வாங்க ஏதாச்சும் நம்பரோ ஆப்போ இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கண்டனூர் மாப்ள

கவர்மெண்ட்ல அப்பாயின்மெண்டா 😂 தம்பி நல்லா சிரிப்பு காட்டுறீங்க. பேசாம காரைக்குடில ஞாயித்துக்கெழம மதுரைலேருந்து வர்ற டாக்டர்ட்ட காட்டிட்டு போங்க, உங்களுக்கும் அன்னைக்கி தான லீவு. மூணு நாள் சம்பளமும் பஸ் காசும் கணக்கு போட்டா அதவிட கொறச்சலா தான் வரும்.

புதுவயல் அரிசிமூட்டை

மாப்ள சொல்றது கேக்க நல்லாருக்கு ஆனா அங்கயும் இதே கத தான். என் மச்சினனுக்கு வலிப்பு, ஞாயித்துக்கெழம டாக்டருக்கு டோக்கன் போட சனிக்கெழம காலைல ஆறு மணிக்கு போன் எடுப்பாங்க, ஆறு மணிலேருந்து ஆறேகால் வரைக்கும் பிஸி பிஸின்னே வரும், ஆறு இருவதுக்கு லைன் கெடச்சா டோக்கன் முடிஞ்சிருச்சும்பாங்க. ஒரு தடவ 43ஆம் நம்பர் கெடச்சி மத்தியானம் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டி நாலு மணிக்கு உள்ள போனோம், பாத்தது அஞ்சு நிமிசம். பீஸு, ஸ்கேனு, வெளிய எழுதுற மாத்திர எல்லாம் சேத்தா ஒரு மூட்ட பொன்னி அரிசி காசு. ஒரு தடவன்னா சமாளிச்சிரலாம், நரம்பு விசயம் மாசாமாசம் போறது. ஆத்தங்குடி தம்பி, கவர்மெண்டயே விடாதீங்க.

வழி கேட்டீங்கல்ல, எனக்கு தெரிஞ்சத சொல்றேன். அப்பாயின்மெண்ட்னு தனியா எதுவும் நான் பாத்ததில்ல, அங்க கெழம தான் அப்பாயின்மெண்ட். எந்தெந்த கெழம எந்த டாக்டர்னு ஓபி வாசல்ல ஒரு போர்டு இருக்கும், ஊர்ல இருக்குற யாரையாச்சும் விட்டு அத போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, நெட்ல போட்டிருக்குறத நம்பாதீங்க, பழசா கெடக்கும். 104க்கு அடிச்சும் கேக்கலாம், அது கவர்மெண்ட் ஹெல்ப்லைன் தான், எந்த ஆஸ்பத்திரில என்ன பிரிவு இருக்குன்னு சொல்லுவாங்க. ஆனா இன்னைக்கி டாக்டர் வந்துருக்காரா லீவான்னு அவங்களுக்கு எப்டி தெரியும், அதுக்கு விடியக்காலைல அங்க நிக்கிற ஆள் தான் வேணும். நான் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர் நம்பர வாங்கி வச்சிருக்கேன், சொன்னா சிரிப்பீங்க, அவர் சொன்னது இதுவரைக்கும் தப்புனதில்ல.

வெள்ளக்கோட்டு

நான் டாக்டர் இல்ல, ஒரு அரசு ஆஸ்பத்திரில மருந்து கவுண்டர்ல இருக்கேன், அதனால உள்ள எப்டி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்ல முடியும்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா பெரிய பிரிவெல்லாம் யூனிட் யூனிட்டா பிரிச்சிருப்பாங்க. ஒரு யூனிட்டுக்கு ஓபி நாள் இதுன்னா மத்த நாள் ஆபரேசனு, வார்டு ரவுண்ட்ஸு, பசங்களுக்கு க்ளாஸு. பொது மருத்துவத்துல ஆள் நெறைய இருக்குறதால தினமும் யாராச்சும் ஒருத்தர் ஓபில இருப்பாங்க. நரம்பு, கிட்னி மாதிரி பிரிவுல டாக்டர் கம்மி, அவங்களே பரிட்ச நேரத்துல வேற காலேஜுக்கு எக்ஸாமினரா போவாங்க, கேம்புக்கும் போவாங்க, அதனால வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ தான் ஓபி. அன்னைக்கி ஆள் இல்லன்னா மறுவாரம் ரெண்டு வாரக் கூட்டமும் சேந்து நிக்கும். தம்பி பாத்த கூட்டம் அதான்.

மொத சீட்டு போடையில எந்த யூனிட்னு அதுலயே குறிச்சிருப்பாங்க, பத்திரமா வச்சிக்கங்க. அடுத்த தடவ அதே கெழம தான் போகணும், வேற நாள் போனா வேற டாக்டர் ஒண்ணுலேருந்து மறுபடி கேப்பாரு. அப்புறம் எட்டு மணி ஓபின்னா ஏழரைக்கெல்லாம் சீட்டு கவுண்டர் பக்கத்துல இருக்கணும், பத்தரை எல்லாம் ரொம்ப லேட்டு, பன்னெண்டுக்கு மேல உள்ள விட மாட்டாங்க.

செல தடவ கவுண்டர் பக்கத்துல க்யூஆர் கோடு ஒட்டியிருப்பாங்க, ஆபா நம்பர், அதான் கவர்மெண்ட் ஹெல்த் ஐடி, இருந்தா போன்ல ஸ்கேன் பண்ணி டோக்கன் எடுத்துக்கலாம், 14 இலக்க நம்பர், ஆதார் வச்சி போட்டுக்கறது. அது எல்லா ஆஸ்பத்திரிலயும் இல்ல, இருந்தாலும் சீட்டு வரிசைய தான் கொறைக்கும், டாக்டர் ரூம் வாசல் வரிசைய இல்ல. நெறைய பேரு இத அப்பாயின்மெண்ட்னு நெனச்சிட்டு லேட்டா வந்து சண்ட போடுறாங்க.

இன்னொண்ணு முக்கியமா சொல்லணும். கை நடுக்கம்னா உடனே நரம்பு டாக்டர் தான்னு இல்ல. தைராய்டு கூடுனாலும் நடுங்கும், ஆஸ்துமாவுக்கு சால்பூட்டமால் எடுக்குறவங்களுக்கும் நடுங்கும், சுகர் எறங்குனாலும் நடுங்கும். இதெல்லாம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ தாலுகா ஆஸ்பத்திரிலயோ ரத்தம் எடுத்து பாத்துரலாம், தைராய்டு டெஸ்ட் அங்க இல்லன்னா எங்க எடுக்கலாம்னு அவங்களே சொல்லுவாங்க. ரிப்போர்ட்டு, அப்பா போடுற எல்லா மாத்திர பேரும் எழுதுன ஒரு பேப்பரு, ரெஃபரல் சீட்டு மூணையும் ஒண்ணா பின் பண்ணி கொண்டு போங்க. வெறுங்கையோட போனா இத எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க, அதுலயே ஒரு லீவு போயிரும்.

வீட்டுல ஒரு வீடியோவும் எடுத்து வைங்க. கைய மடில சும்மா வச்சிருக்கையில நடுங்குதா, இல்ல கிளாஸ தூக்கையில நடுங்குதா, ரெண்டும் தனித்தனியா. டாக்டர் மொத கேள்வியே அதான், ஆஸ்பத்திரி பதட்டத்துல சரியா தெரியாது.

கானாடுகாத்தான் ஆச்சி

தம்பி ஒம் பதிவ படிச்சி மனசு கஷ்டமா போச்சு. எங்க வீட்டுல அவுகளுக்கு பக்கவாதம் வந்து ஆறு வருசம் நான் அலைஞ்சவ. சிவகங்கைல மெடிக்கல் காலேஜ் வந்தது 2012ல, புதுக்கோட்டைல 2017ல, அதுக்கு முன்னாடி எதுக்கெடுத்தாலும் மதுர பெரியாஸ்பத்திரி தான், வெள்ளனவே மொத பஸ்ஸு, தூக்குச்சட்டில சோறு. இப்ப அம்புட்டு தூரம் இல்ல, ஆனா கெழம பிசகுனா அதே அலைச்சல் தான். நம்ம செட்டிநாட்டு ஊருல பாதி சிவகங்க மாவட்டம் பாதி புதுக்கோட்ட மாவட்டம், ஒம் மாவட்டத்துக்கு தான் போகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, எங்க நரம்பு டாக்டருக்கு கூட்டம் கம்மியோ அங்க போ. ஓபில ஊர் பேரு கேப்பாக, எழுதிக்குவாக, அம்புட்டுதான்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருச வருமானம் ஒரு லட்சத்து இருவதாயிரத்துக்குள்ள இருந்தா போடலாம், குடும்பத்துக்கு வருசத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும். டாக்டர பாக்க அது தேவையில்ல, படுக்க வச்சி வைத்தியம்னா தான். செல பேரு அட்டை இல்லையேன்னு போகாமலே இருக்காக, அதுக்கு தான் சொல்றேன். தலைல ஸ்கேன் எழுதுனா பயப்படாத, கவர்மெண்ட்லயே சிடி 500, எம்ஆர்ஐ 2500 தான், வெளிய எம்புட்டு கேப்பாகன்னு ஒனக்கே தெரியும்.

அப்பறம் சனிக்கெழம கேம்பு ஒண்ணு போட்டாக, நலம் காக்கும் ஸ்டாலின்னு, 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாக. நான் போனது பள்ளிக்கூடத்துல நடந்துச்சு, நரம்பு டாக்டரும் உக்காந்திருந்தாக, ரத்தம் ஈசிஜி எல்லாம் அங்கனயே எடுத்தாக. ஒனக்கு ஞாயித்துக்கெழம லீவுன்னா சனி ஒரு நாள் சேத்து போட்டா போதும்ல. இப்பவும் நடக்குதா, ஒங்க பக்கம் எப்ப வருதுன்னு சுகாதார நிலையத்துல நர்சம்மாகிட்ட கேட்டுக்க.

கண்டனூர் மாப்ள

ஆச்சி, கேம்புல பாத்துட்டு பெரியாஸ்பத்திரிக்கு போங்கன்னு தான எழுதுவாங்க? சுத்தி சுத்தி சுப்பர் கொல்லைல தான்.

கானாடுகாத்தான் ஆச்சி

எழுதுவாக தான். ஆனா சும்மா போறவனுக்கும் பேப்பரோட போறவனுக்கும் வித்தியாசம் இருக்கு மாப்ள. நீ ஒரு தடவையாச்சும் வரிசைல நின்னுருக்கியா?

புதுவயல் அரிசிமூட்டை

இசஞ்சீவனின்னு ஒண்ணு இருக்கே, போன்ல வீடியோவுல கவர்மெண்ட் டாக்டர்ட்ட பேசுறது, கொரோனா நேரத்துல 2020ல நாங்க அதுல தான் ஓட்டுனோம். காசு இல்ல, சீட்டு பிடிஎஃப்பா வந்துரும். நரம்பு டாக்டரே கெடைப்பாங்கன்னு சொல்ல முடியாது, நான் பேசையில பொது டாக்டர் தான் வந்தாங்க. ஆனா என்ன டெஸ்ட் எடுக்கலாம்னு கேக்க போதும், திருப்பூர்லேருந்தே நீங்க அப்பாவோட லைன்ல சேந்து கேக்கலாம்.

ஆத்தங்குடியான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எழுதி ஒண்ணரை மாசம் ஆச்சு, போயிட்டு வந்துட்டேன் அதான் சொல்லலாம்னு.

வெள்ளக்கோட்டு அண்ணே சொன்ன மாதிரி மொதல்ல எங்க ஊரு பக்கத்துல தைராய்டு சுகர் எல்லாம் எடுத்தோம், நார்மல். எங்க சித்தப்பா மகன விட்டு போர்டு போட்டோ வாங்குனேன், நான் மொதல்ல விசாரிச்ச கெழமையும் போர்டுல இருந்த கெழமையும் வேற வேற. டீக்கடை நம்பரும் வாங்குனேன் 😀 அவர் விடியக்காலைல போன் எடுத்து நரம்பு டாக்டர் வண்டி இன்னும் வரல, ஆனா லீவுன்னு போர்டு போடலன்னாரு. கெளம்பிட்டோம்.

ஏழு மணிக்கு சீட்டு வரிசைல நாங்க ஒம்பதாவது ஆளு. டாக்டர் ரூம் வாசல்ல 31ஆவது. பதினொன்னே காலுக்கு உள்ள போனோம். ரெஃபரல் சீட்டு, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் ஒரு தரம் பொரட்டிட்டு வீடியோவ ரெண்டு தடவ பாத்தாரு. அப்பறம் அப்பாகிட்ட பேப்பர் பேனா குடுத்து நடுவுலேருந்து ஆரம்பிச்சி வட்டமா சுருள் போட சொன்னாரு. நாப்பது வருசமா கண்ணாடி மேல கோடு பிசகாம பூவும் கொடியும் ஊத்துன கை, சுருள் கோணல் மாணலா வந்துச்சு. அப்பா டாக்டர பாத்து, தம்பி இதவிட நல்லா போடுவேன், வீட்டுக்கு வந்து தரைய பாருங்கன்னாரு. டாக்டர் சிரிச்சிட்டாரு. கைய நீட்ட சொல்லி, மூக்க தொட சொல்லி, நடக்க விட்டு பாத்துட்டு, இது வேல செய்யையில வர்ற நடுக்கம், பார்க்கின்சன் மாதிரி தெரியல, இப்போதைக்கி ஸ்கேன் வேணாம்னாரு. மூச்சிரைப்பு, ஆஸ்துமா இருக்கான்னு கேட்டுக்கிட்டு நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால்னு ஒரு மாத்திர எழுதுனாரு. மாத்திர அங்கயே ஓசில குடுத்தாங்க. எல்லாம் சேத்து ஏழு நிமிசம் இருக்கும்.

அடுத்த மாசம் அதே கெழம வரணுமாம். யூனிட் நம்பர் எழுதுன சீட்ட அப்பா பேங்க் பாஸ்புக் கவருக்குள்ள சொருகி வச்சிருக்காரு. டீ கிளாஸ் இப்ப ஒரு கையால தூக்குறாரு, முழுசா நிக்கல, ஆனா சிந்துறது கொறைஞ்சிருக்கு. பேங்க்ல புது கையெழுத்து குடுக்கணும், அதுக்கு ஒரு நாள் லீவு.

வெள்ளக்கோட்டு

நல்லது தம்பி. அந்த மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திராதீங்க, தலசுத்தல் வந்தா நடுவுல போயி பிரசர் பாத்துக்கங்க. டாக்டர்ட்ட கேட்டீங்கன்னா பக்கத்து சுகாதார நிலையத்துலயே மாசாமாசம் வாங்குற மாதிரி எழுதி தர வாய்ப்பு இருக்கு, அப்ப பெரியாஸ்பத்திரிக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா போனா போதும்.

பள்ளத்தூர் பவானி

அண்ணே அந்த போர்டு போட்டோ இன்னும் இருக்கா? அதுல தோல் டாக்டர் என்ன கெழமன்னு கொஞ்சம் பாத்து சொல்றீங்களா, எங்க அம்மாவுக்கு.

ஆத்தங்குடியான்

இருக்குங்க. அனுப்புறேன். ஆனா போறதுக்கு முன்னாடி டீக்கடைக்கு ஒரு போன் போட்டுருங்க.