கிளாடியா ரோடனின் ஆரஞ்சு கேக் நடுவில் வேகவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். சமையல் நூலாசிரியர் கிளாடியா ரோடன் 1936இல் கெய்ரோவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு எகிப்தை விட்டு வெளியேறி லண்டன் வந்த யூதர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிவைத்த சமையல் குறிப்புகள்தான் 1968இல் அவருடைய முதல் நூலாக வந்தன. யூத உணவு பற்றிய பெரிய நூல் 1996இல். ஊரையே இழந்தவர்களின் கைப்பக்குவத்தைக் காப்பாற்றித் தந்தவர் என்பதால், அவருடைய கேக்கை அளவு மாற்றாமல் சரியாகச் செய்ய ஆசை.

அளவு: ஆரஞ்சு 2, முட்டை 6, பொடித்த பாதாம் 250 கிராம், சர்க்கரை 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன். மைதா இல்லாததால், புளித்த மாவுப் பண்டங்களை யூதர்கள் தவிர்க்கும் பாஸ்கா பண்டிகைக்கும் ஆகும். வெண்ணெயும் கிடையாது, அதனால் இறைச்சியோடு பால் பொருள் சேர்க்காத யூத வழக்கப்படி இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகும் பரிமாறலாம். ஆரஞ்சைத் தோலோடு முழுசாக, கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும்வரை ஒன்றரை மணி நேரமாவது வேகவிட வேண்டும். ஆறியதும் பிளந்து விதை எடுத்துவிட்டு அரைக்கணும். ஒரு விதை தப்பினாலும் கசக்கும்.

190 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தும் நடுப்பகுதி களி மாதிரி நிற்கிறது, மேலே கருகுகிறது. ஆரஞ்சு விழுதில் தண்ணீர் அதிகம் என்றுதான் தோன்றுகிறது. நூலில் பழக் கணக்குதான், எடை இல்லை.

செய்தவர்கள் சொல்லுங்கள்: விழுது எத்தனை கிராம் இருக்கணும்? தோல் தளர்ந்த கமலா ஆரஞ்சு ஆகுமா, கெட்டித்தோல் பழம்தான் வேண்டுமா? எத்தனை அங்குல டின்?