மறு: ரேஞ்ச், டார்கெட், லைன் ஆஃப் சைட்: வீச்சா, நெடுக்கமா, எட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

பொம்மைப் போர் ஆட்டங்களின் விதிகளில் வரும் ரேஞ்ச், டார்கெட், லைன் ஆஃப் சைட், கவர் போன்றவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்த சண்டைக்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. பொம்மைச் சண்டைதான். ஆனால் இரண்டு பையன்கள் ஒரு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், நான் தமிழில் எழுதிக் கொடுத்த விதித்தாள்.

விளையாட்டு வார்ஹாமர் 40,000: மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி, டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிச் சுடும் ஆட்டம். எங்களிடம் இருப்பது 2017-இல் வந்த எட்டாம் பதிப்பு. என் மகனின் வீரன் கையில் போல்ட்கன் என்ற துப்பாக்கி, அதற்கு ரேஞ்ச் 24 அங்குலம். எதிரே பக்கத்து வீட்டுப் பையனின் பத்து ஆர்க்குகள் (அரக்கப் பொம்மைகள்) ஓர் அணியாக, அட்டைப்பெட்டியில் செய்த இடிந்த சுவரை ஒட்டி நின்றன. டேப்பை நீட்டினோம். சுவருக்குப் பின்னால் முழுக்க ஒளிந்திருந்த ஆர்க் இருபத்து மூன்றரை அங்குலத்தில். சுவரைத் தாண்டி வெளியே தெரிந்த ஆர்க் இருபத்தைந்தில். மற்ற எட்டும் இன்னும் பின்னால், சுவர் மறைவில். சுடலாமா, கூடாதா?

விதித்தாளில் நான் எழுதியிருந்தது: “இலக்கு வீச்சுக்குள் இருக்க வேண்டும், பார்வையிலும் இருக்க வேண்டும்.” மகன் வாதாடினான்: “இலக்குன்னா அந்த அணி. அணியில் ஒருத்தன் வீச்சுக்குள்ள இருக்கான், ஒருத்தன் தெரியறான். ரெண்டும் சரி, சுடுவேன்.” என் வாக்கியத்தின்படி அவன் பேச்சில் குற்றமே இல்லை. விளையாட்டின்படி தப்பு. எட்டுவதும் தெரிவதும் ஒரே பொம்மையாக இருக்க வேண்டும்.

சொல் தேடுவதற்கு முன் எந்த இடத்தில் தகராறு வருகிறது என்று பார்ப்போம் என நான் கேட்பது இதனால்தான். இனி, வந்திருக்கும் முன்மொழிவுகள்.

> ரேஞ்சுக்கு நெடுக்கம் போதும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் கிடைத்தள நெடுக்கம் என்றே இருக்கிறது. வீச்சு அங்கே ஆம்ப்ளிட்யூட்.

ஐயா, பாடநூல் சொல்லை மதிக்கிறேன். ஆனால் கிடைத்தள நெடுக்கம் என்பது எறிந்த பொருள் கடைசியில் போய் விழுந்த தூரம். வேகமும் கோணமும் மாறினால் அதுவும் மாறும். போல்ட்கன் அட்டையில் அச்சாகியிருக்கும் 24 மாறாது, அது ஓர் எல்லை. புள்ளியியலில் வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்புக்கும் மிகச்சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, சாப்பாட்டுக் கடையில் வீச்சு என்றால் பரோட்டா. இத்தனை பேருக்கு உழைக்கிற சொல் துப்பாக்கிக்கும் உழைக்கட்டுமே. விதித்தாளைப் படிக்கும் எவரும் அலையையோ பரோட்டாவையோ நினைக்கப் போவதில்லை.

> எட்டம் என்று வைக்கலாமே? கண்ணுக்கெட்டிய தூரம் என்கிறோம் அல்லவா?

எனக்கும் முதலில் இது இனித்தது. ஆனால் “எட்ட நில்” என்றால் தள்ளி நில். “எட்டத்தில் இருக்கிறான்” என்றால் தூரத்தில் இருக்கிறான். ரேஞ்சுக்குள் இருப்பவனைப் பற்றி “எட்டத்தில் இருக்கிறான்” என்று எழுதினால் பாதிப் பேர் டேப்பைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையை வைத்துக்கொள்வோம்: எட்டும், எட்டாது. (எட்டாம் பதிப்பில் எட்டு அங்குலம் எட்டும் என்று எழுத நேர்ந்தால் மட்டும் இலக்கத்தில் எழுதிவிடலாம்.)

உண்மையான சிக்கல் வேறு. ரேஞ்ச் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, ஆயுதம் எவ்வளவு தூரம் எட்டும் என்பது. இன்னொன்று, இரண்டு பொம்மைகளுக்கு நடுவே டேப் காட்டும் அளவு. முதலாவதற்கு வீச்சு, இரண்டாவதற்குத் தொலைவு என்று கறாராகப் பிரித்துவிடலாம்.

இதைப் பிரிக்காவிட்டால் 2012-இல் வந்த எக்ஸ்-விங் என்ற விண்கப்பல் சண்டை ஆட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அங்கே அங்குலம் கிடையாது. 300 மில்லிமீட்டர் அட்டை அளவுகோல் ஒன்று, அதில் சமமாக மூன்று கட்டம். அவற்றை ரேஞ்ச் 1, 2, 3 என்கிறார்கள். கப்பலின் சொந்தப் பீரங்கியால் சுடும்போது 1-இல் தாக்குபவருக்கு ஒரு பகடை கூடும், 3-இல் தற்காப்பவருக்குக் கூடும். அந்த 1 எந்த ஆயுதத்தின் வீச்சும் இல்லை, எதிரி எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்பது மட்டுமே. “வீச்சு 1” என்று பெயர்த்தால் குட்டிப் பீரங்கி என்று அர்த்தமாகும். அதற்குத் “தொலைவுப்படி 1” என்பது என் முன்மொழிவு. வார்ஹாமரில் போல்ட்கன் 12 அங்குலத்துக்குள் இரண்டு முறை சுடுகிறதே, அந்தப் பாதி எல்லைக்கு அரைவீச்சு. இதை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, டார்கெட்டுக்கு இலக்கா, குறியா? இரண்டும் வேண்டும். 2012-இல் ஆறாம் பதிப்பு வரும்வரை வார்ஹாமரில் முன்கூட்டி அளக்க விடமாட்டார்கள். இவனைச் சுடுகிறேன் என்று முதலில் அறிவிக்க வேண்டும், பிறகுதான் டேப். எட்டவில்லையா, குண்டு வீண். தூரத்தைக் கண்மதிப்பாகச் சொல்லிவிட்டுச் சுடும் பீரங்கிகளும் இருந்தன. எனவே சுடத் தகுதி உள்ள அணி இலக்கு, நான் தேர்ந்து அறிவித்த அணி குறி, அறிவிக்கும் செயல் குறிவைத்தல். குறி என்றதும் பையன்கள் சிரிப்பார்களே என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் நிறுத்திவிட்டார்கள்.

லைன் ஆஃப் சைட்டுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக்கோணத்தோடு படித்த பார்வைக் கோடு இருக்கிறது. ஆனால் எட்டாம் பதிப்பில் யாரும் கோடு இழுப்பதில்லை. சந்தேகம் வந்தால் குனிந்து, சுடும் பொம்மையின் பின்னாலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் “தெரிகிறது” போதும். எக்ஸ்-விங்கில் அளக்கும் கோடு விண்கல்லின் மேல் போனால் தற்காப்பவருக்குப் பகடை கூடுகிறது. அப்படி உண்மையிலேயே கோடு வருகிற இடத்துக்குப் பார்வைக் கோட்டை வைத்துக்கொள்வோம்.

கவருக்கு, அதாவது சுவர் போன்றவை தரும் பாதுகாப்புக்கு, “மறைவு” என்று வந்திருந்தது. “வீரர் மறைவு” என்று எழுதிப் பாருங்கள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். தவிர, எட்டாம் பதிப்பில் கவர் ஆளை மறைப்பதில்லை, அடி வாங்கியபின் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. எனவே அரண். அடிபட்ட பொம்மை பிழைக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் சேவிங் த்ரோவுக்குக் காப்பு உருட்டல். “அரணில் நிற்கும் அணிக்குக் காப்பு உருட்டலில் 1 கூடும்.” படித்துப் பாருங்கள், இடறவில்லை.

திருத்திய விதி இப்படி:

“குறிவைக்கும் அணியில் ஒரு பொம்மையாவது, சுடும் பொம்மைக்குத் தெரியவும் வேண்டும், அதன் ஆயுதத்துக்கு எட்டவும் வேண்டும். அடிபட்டு விழும் பொம்மை எது என்பதை அந்த அணியின் சொந்தக்காரர் முடிவு செய்வார். அது தெரியாத பொம்மையாகவோ எட்டாத பொம்மையாகவோ இருக்கலாம்.”

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் மகன் மறுபடி கொதித்தான். தெரியாதவனை எப்படிக் கொல்வது என்று கேட்டான். அது இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வார்ஹாமர் விதி எழுதியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, என் தமிழைக் கேட்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று பாக்கி. தொலைவை அளப்பது பொம்மையின் காலடியில் இருக்கும் வட்டத் தட்டின் விளிம்பிலிருந்து. அதற்கு அடித்தட்டு என்று எழுதினேன். “அடித்தட்டு மக்களா?” என்று மனைவி கேட்டதில் அதை அடித்துவிட்டேன். இப்போதைக்குப் பீடம். 32 மி.மீ. தட்டுக்குப் பீடம் கொஞ்சம் பெரிய பேச்சாகத்தான் தெரிகிறது. இதைவிடச் சின்னதாக, பட்டறையிலோ கொலு பொம்மை செய்பவர்களிடமோ வழங்கும் சொல் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை அடுத்த ஆட்டம், அதற்குள் தாளை அச்செடுக்க வேண்டும்.