மெயில் கட்டும் கோடுக்கு டாக்குமென்ட் எழுதின அனுபவம்: எந்தக் கமென்ட் நிஜமா உதவுச்சு?

கிருஷ்ணகிரிக்காரன்:

மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தரும் சின்ன டீம் எங்களுடையது. பெங்களூரா மாங்காய் சீசன் சூடுபிடித்துவிட்டால் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே லோகோ வைத்த எச்டிஎம்எல், கூடவே பிடிஎஃப்பாக இன்வாய்ஸ், லேப் ரிப்போர்ட். இந்த மெயிலைக் கட்டும் பைத்தான் ஃபைலை எழுதினவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். டாக்குமென்ட் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கோடுக்குள் எழுதி வைக்கும் குறிப்புக்கு, அதாவது கமென்ட்டுக்கு, பஞ்சமே இல்லை. அட்டாச்மென்ட் சேர்க்கும் வரிக்கு மேல் "அட்டாச்மென்ட் சேர்க்கிறோம்" என்று இருக்கும். அதைப் படித்து யாருக்கு என்ன லாபம்? நடுவில் ஒரே ஒரு இடத்தில் "ஆர்டரை மாத்தாதீங்க". ஏன் மாற்றக் கூடாது என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

காரணம் சொல்லாத தடையை எவன் மதிப்பான்? புதிதாக வந்த தம்பி "எச்டிஎம்எல்தானே முக்கியம், அது முதலில் இருக்கட்டும்" என்று பிளெயின் டெக்ஸ்ட்டைக் கீழே தள்ளிவிட்டான். எரர் எதுவும் வரவில்லை, மெயிலும் போனது. பையர் பக்கத்திலிருந்துதான் போன் வந்தது: டேபிள், லோகோ எதையும் காணோம், வெறும் எழுத்துதான் தெரிகிறது என்று. மல்டிபார்ட்/ஆல்டர்நேட்டிவ் (ஒரே விஷயத்தைப் பல வடிவங்களில் வைக்கும் மெயில் பகுதி) என்றால் எளியது முதலில், சிறந்தது கடைசியில். மெயில் பார்க்கும் ஆப், தன்னால் காட்ட முடிந்ததில் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும். 1996-ல் வந்த ஆர்எஃப்சி 2046 என்ற மெயில் விதி ஆவணத்திலேயே இருக்கிற விஷயம். தம்பியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நம்ம ஃபைலில் அது இல்லையே.

அப்புறம்தான் எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. பைத்தான் சத்தம் போடுகிற, அதாவது எரர் காட்டுகிற, இடத்துக்கு விளக்கம் தேவையில்லை. அட்டாச்மென்ட்டை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு இன்னொரு வடிவம் சேர்க்கும் ஆட்_ஆல்டர்நேட்டிவ் கூப்பிட்டால் வேல்யூஎரர் வந்து அங்கேயே நின்றுவிடும். அதை யாரும் தவறவிட முடியாது. அது வாயைத் திறக்காத இடங்களில்தான் நாம் எழுத வேண்டும். பழைய கமென்ட்டையெல்லாம் அழித்துவிட்டு, ஃபங்ஷன் தலையில் இந்த மரத்தை வைத்தேன் (மிக்ஸ்டு: மெயிலும் அட்டாச்மென்ட்டும் சேர்ந்தது; ரிலேட்டட்: எச்டிஎம்எல்லும் அதற்குள் வரும் படமும்):

மிக்ஸ்டு
 ├ ஆல்டர்நேட்டிவ்
 │  ├ பிளெயின் டெக்ஸ்ட்
 │  └ ரிலேட்டட்
 │     ├ எச்டிஎம்எல்
 │     └ லோகோ
 └ பிடிஎஃப்

கீழே மூன்று "ஏன்" மட்டும். பிளெயின் ஏன் மேலே, பிடிஎஃப் ஏன் ஆல்டர்நேட்டிவுக்கு வெளியே (உள்ளே போட்டால் அதையும் இன்னொரு வடிவம் என்று நினைத்து, சில ஆப்கள் ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துவிடும்). மூன்றாவது லோகோ. எச்டிஎம்எல் அந்தப் படத்தை ஒரு ஐடி வைத்துத்தான் கூப்பிடும். பைத்தானின் மேக்_எம்எஸ்ஜிஐடி தருகிற ஐடி < > குறிகளோடு வரும். கன்டென்ட்-ஐடி ஹெடரில் அந்தக் குறிகள் இருந்தே ஆக வேண்டும், எச்டிஎம்எல்லில் சிஐடி: என்பதற்குப் பின்னால் இருக்கவே கூடாது. அதனால் கோடில், முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் நீக்க, [1:-1] என்று ஒரு வெட்டு. பார்ப்பவனுக்கு அனாவசியமாகத் தெரியும், ஒருநாள் எவனாவது "கிளீன்" பண்ணிவிடுவான். நான் கமென்ட் போட்டதில் மிகப் பிரயோஜனமானது இந்த ஆறு எழுத்துக்குத்தான்.

உங்களுக்கு எப்படி?

தர்மபுரி_கோடர்:

அண்ணா, அந்த "சத்தம் போடாத இடம்" ரொம்பச் சரி. எங்க கிளையன்ட் ஒரு சீட்டு கம்பெனி, மெயில் சப்ஜெக்ட் தமிழில்தான் போகணும். பழைய கோடு, லைப்ரரி இல்லாமல் தானே சப்ஜெக்ட்டை என்கோட் பண்ணும், அதாவது ஆங்கில எழுத்துக் குறிகளாக மாற்றும். அதில் 45 என்று ஒரு நம்பர், விளக்கம் கிடையாது. நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்படி மாற்றின ஒரு துண்டு (என்கோடட் வேர்டு) 75 கேரக்டரைத் தாண்டக் கூடாது. =?UTF-8?B? என்ற தலைக்கும் ?= என்ற வாலுக்கும் சேர்த்து 12 போனால் மிச்சம் 63. பேஸ்64 (3 பைட்டை 4 எழுத்தாக்கும் முறை) நாலு நாலாகத்தான் வரும், ஆக 60. அது 45 பைட்டுக்குச் சமம்.

எங்க ஆள் ஒருத்தர், எழுத்து முடிகிற இடம் பார்த்து வெட்டும் லூப்பைத் தூக்கிவிட்டு நேராக 45-லேயே வெட்டினார். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக 3 பைட். 45-ம் மூன்றால் வகுபடுகிறது. அதனால் இடைவெளி இல்லாமல் நீளமாக டைப் அடித்து டெஸ்ட் பண்ணினப்போ எல்லாம் அருமை. ஆனால் ஸ்பேஸ் 1 பைட்தானே! "தர்மபுரி கிளை மாதாந்திர வட்டி விவரம்" என்று போனபோது, "மா" வரைக்கும் 44 பைட், 45-வது "த"வின் முதல் பைட். எழுத்து ரெண்டாகப் போய் கட்டம் கட்டமாக வந்தது. இப்போ அந்த சப்ஜெக்ட்டையே கமென்ட்டில் உதாரணமாகப் போட்டு வைத்திருக்கிறேன். பைத்தானின் ஈமெயில்மெசேஜ் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை, எங்களுது பழைய பிஎச்பி.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்:

என்னுடையது சின்ன விஷயம். பவுண்டரியை (மெயிலின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் குறி) ஃபிக்ஸ்டாக ஒரு ஸ்ட்ரிங் வைத்திருந்தார்கள், "டெஸ்ட்டுக்கு வசதி" என்று கமென்ட். நாங்கள் அனுப்பின மெயிலையே யாரோ முழு மெயிலாக அட்டாச் பண்ணி எங்கள் சிஸ்டம் வழியாகத் திருப்பி அனுப்ப, உள்ளே இருந்த பவுண்டரி வெளி மெயிலை நடுவில் அறுத்துவிட்டது. இப்படி முழு மெயிலாக உள்ளே வரும் பார்ட்டை (மெசேஜ்/ஆர்எஃப்சி822) பேஸ்64-ல் மறைக்கவும் விதி இடம் கொடுக்காது. இப்போ கமென்ட்: "ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாக உருவாக்கு, 70 கேரக்டருக்குள்."

ஒரு சந்தேகம் அண்ணா. நீங்க வரைந்த மரம் நாளைக்குக் கோடு மாறினால் பழசாகிவிடாதா?

கிருஷ்ணகிரிக்காரன்:

ஆகும் தம்பி. அதுக்குத்தான் டெஸ்ட்டில் ஒரு மெயிலைக் கட்டி, பகுதி பகுதியாகப் போகும் வாக்() ஓட்டி, ஒவ்வொரு பார்ட்டின் கன்டென்ட்-டைப்பையும் வரிசையாக எடுத்து லிஸ்ட்டோடு ஒப்பிடுகிறோம். லிஸ்ட் மாறினால் டெஸ்ட் ஃபெயில், ஃபெயில் மெசேஜிலேயே "மரத்தையும் திருத்து" என்று இருக்கிறது. தர்மபுரி தம்பியோட சப்ஜெக்ட்டை அதே டெஸ்ட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.