2 எம்பி இடத்தில் லினக்ஸ் கர்னல் அடங்கவில்லை, எதை வெட்டலாம்?

கொழிஞ்சாம்பாறை:
தென்னந்தோப்புச் சொட்டுநீர் வால்வுகளை இயக்கும் ஏஆர்எம் போர்டு. 64 எம்பி ராம், 8 எம்பி எஸ்பிஐ ஃப்ளாஷ் (நிரந்தரச் சேமிப்பு). அதில் கர்னலுக்கு ஒதுக்கிய பகுதி (பார்ட்டிஷன்) 20,97,152 பைட். ஜிசிப்பில் சுருக்கிய கர்னல் கோப்போ (இசட்இமேஜ்) 26 லட்சத்தைத் தாண்டுகிறது. சவுண்ட், யூஎஸ்பி, ஐபிவி6 எல்லாம் எடுத்தாச்சு. மிகச்சிறிய கர்னலுக்கான 'டைனிகான்ஃபிக்' அமைப்பைப் போட்டால் சீரியலில் ஒரு எழுத்துகூட வரவில்லை. என்ன செய்யலாம்ண்ணா?

வேலந்தாவளம்:
போர்டு செத்திருக்காது தம்பி, ஊமையாகத்தான் இருக்கும். டைனிகான்ஃபிக்கில் பிரிண்ட்கே (கர்னல் செய்தி அச்சிடுவது), டிடிஒய் (டெர்மினல் வசதி) இரண்டுமே கிடையாது. அதில் 'எக்ஸ்பர்ட்' ஏற்கெனவே ஆனாகத்தான் இருக்கும், அதனால் இந்த ஆப்ஷன்கள் மெனுவில் தெரியும். பிரிண்ட்கே, டிடிஒய், உங்க சிப்பின் யுஏஆர்டி (சீரியல் போர்ட்) டிரைவர், அதன் கன்சோல் சப்போர்ட் எல்லாவற்றையும் ஆன் செய்யுங்க. புரோகிராம் கோப்புகளை ஓட்டவைக்கும் பைன்ஃபெம்ட் இஎல்எஃப் விட்டுப்போனால், கர்னல் முதலில் ஓட்டும் இனிட்டில் 'எரர் -8' வரும். இனிட் ஷெல் ஸ்கிரிப்ட்டாக இருந்தால் பைன்ஃபெம்ட் ஸ்கிரிப்ட்டும் வேணும். த்ரெட்கள் ஒன்றுக்கொன்று காத்திருக்க உதவும் ஃபியூடெக்ஸை மறந்தால் த்ரெட் உள்ள புரோகிராம் மக்கர் பண்ணும்.

மீனாட்சிபுரம்:
இருக்கிற கான்ஃபிக்கையே செதுக்குவது சுலபம். ஜிசிப்பிலிருந்து இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் எக்ஸ்ஜெட்டுக்கு (XZ) மாறுங்க. ஃப்ளாஷில்தான் மிச்சம், ராமில் காலணாகூட மிச்சமில்லை. பூட் கொஞ்சம் இழுக்கும், கரண்ட் போய் வந்தால் தென்னை அதுவரை பொறுத்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பினால் விளிம்பில்தான் நிற்பீங்க, அதனால் அளவைக் குறைக்கும் '-ஓஎஸ்' கம்பைலர் ஆப்ஷனைப் போடுங்க, பிறகு எஃப்ட்ரேஸ் (கர்னல் ஆய்வு வசதி), என்எஃப்எஸ், எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டங்கள், ஐகேகான்ஃபிக் (கர்னலுக்குள் வைக்கும் கான்ஃபிக் நகல்) எல்லாம் போகட்டும். ஃபங்ஷன் பெயர்ப் பட்டியலான கால்சிம்ஸை எடுத்தால் நல்ல மிச்சம், ஆனால் ஊப்ஸ் (கர்னல் பிழை அறிக்கை) வந்தால் பெயர் இல்லாமல் வெறும் முகவரிதான். முகவரியைப் பெயராக்க அந்த பில்டின் விஎம்லினக்ஸையும் (சுருக்காத கர்னல்) சிஸ்டம்.மேப்பையும் (முகவரி-பெயர்ப் பட்டியல்) பத்திரமா வையுங்க. டீபக் இன்ஃபோவை எடுப்பது வீண்வேலை, அது இசட்இமேஜுக்குள் வருவதே இல்லை.

ஒவ்வொரு வெட்டுக்கும் பழைய, புதிய விஎம்லினக்ஸை 'ப்ளோட்-ஓ-மீட்டர்' ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுங்க, எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் என்று கக்கிவிடும்.

கொழிஞ்சாம்பாறை:
டிரைவர்களைக் கர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக, மாட்யூலாக்கினால்?

வேலந்தாவளம்:
இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட். அதே 8 எம்பிதானே, மாட்யூல்கள் போய்ச் சேரும் ரூட்எஃப்எஸ் (முதன்மை ஃபைல்சிஸ்டம்) வீங்கும். எம்டிடி (ஃப்ளாஷைக் கையாளும் பகுதி), ஸ்க்வாஷ்எஃப்எஸ் (ரூட்டுக்கான சுருக்கிய ஃபைல்சிஸ்டம்), எஸ்பிஐ டிரைவர் மூன்றும் கர்னலுக்குள்ளேயே இருக்கணும், மாட்யூலானால் ரூட் மவுண்ட் ஆகாமல் கர்னல் பேனிக் ஆகி நின்றுவிடும். ஸ்க்வாஷ்எஃப்எஸ்சை எக்ஸ்ஜெட்டில் சுருக்கியிருந்தால் அதற்கான ஆப்ஷன் தனி. கர்னலை எக்ஸ்ஜெட் ஆக்கினதால் அது தானா வராது.

மீனாட்சிபுரம்:
அளவு பார்க்கும்போது கர்னலோடு ஒட்டிய டிடிபியையும் (ஹார்டுவேர் விவரக் கோப்பு), யூ-பூட்டுக்கான யூஇமேஜ் வடிவம் என்றால் 64 பைட் ஹெடரையும் சேர்த்துப் பாருங்க. மீறினால் அடுத்த பார்ட்டிஷனின் முதல் 64 கேபி செக்டார் அழியும், ஸ்க்வாஷ்எஃப்எஸ்சின் 'எச்எஸ்க்யூஎஸ்' தலையெழுத்தும் அதோடு போகும். பார்ட்டிஷனைப் பெரிதாக்குவதானால் யூ-பூட்டில் (கர்னலை ஏற்றும் பூட்லோடர்) உள்ள எம்டிடிபார்ட்ஸ் என்ற பார்ட்டிஷன் பட்டியலையும் மாற்றணும்.