மூன்று மாதமாகியும் நெல்லை எனக்குப் பிடிபடவில்லை: எதைப் பார்க்கத் தவறினேன்?

கேள்வி: கோவையிலிருந்து வந்தவர்

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த நான், பணிமாற்றம் காரணமாக மூன்று மாதங்களுக்கு முன் திருநெல்வேலிக்கு வந்து, பெருமாள்புரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். எங்கள் ஊரில் எந்தச் சாலையில் நின்று மேற்கே திரும்பினாலும் மலை தெரியும். அதை வைத்தே ஊரின் திசையும் அளவும் மனத்தில் பதிந்துவிடும். இங்கே அப்படி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. டவுனுக்குப் போனால் அது ஓர் ஊராக இருக்கிறது, ஜங்ஷன் வேறோர் ஊராக இருக்கிறது, பாளையங்கோட்டைக்குள் நுழைந்தால் மாவட்டமே மாறிவிட்டதைப் போலத் தோன்றுகிறது. நெல்லையப்பரைத் தரிசித்தேன், அல்வா வாங்கினேன், ஈரடுக்கு மேம்பாலத்தில் பலமுறை சென்று வந்தேன். ஆயினும் இந்த நகரத்தைப் பற்றி வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; இந்த ஊரில் சில ஆண்டுகள் வாழப்போகிறேன், ஆகவே அறிந்துகொள்ள விரும்புகிறேன். இந்த ஊர்க்காரர்களான நீங்கள் நெல்லை என்று நினைத்ததும் உங்கள் மனத்தில் எழுவது எது?

பதில் 1: ரதவீதிக்காரர்

தம்பி, நீங்கள் குழம்பியதில் தவறில்லை. இது ஒன்றாக முளைத்த ஊர் அன்று. டவுனில் இருப்பவர் பாளைக்குப் புறப்பட்டால் வெளியூர் செல்பவரைப் போலச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். மாநகராட்சி என்று 1994-இல் ஆனோம். அதற்காகப் பேச்சு மாறிவிடவில்லை.

நான் பிறந்தது கீழ ரதவீதிக்கு அருகே. எனக்கு நெல்லை என்பது அந்த நான்கு வீதிகளும், அவை திரும்பும் முக்குகளும்தான். வாகையடி முக்கு, லாலா சத்திர முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்று சொன்னால் எங்களுக்கு வேறு முகவரி தேவைப்படாது. நீங்கள் கோயிலுக்குப் போய்வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களுமாகச் செதுக்கப்பட்டிருப்பவற்றின் அருகே சற்று நேரம் நின்றீர்களா? தட்டினால் வெவ்வேறு சுரம் தரும் தூண்கள் அவை. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையும் அங்கேயே இருக்கிறது. வேதசர்மா நைவேத்தியத்துக்காக உலரப் போட்ட நெல்லைச் சுற்றி மழை பெய்தும், இறைவன் வேலியிட்டதுபோல் அந்த நெல் மட்டும் நனையாமல் இருந்தது என்னும் ஐதீகத்திலிருந்துதான் ஊருக்கே பெயர் வந்தது என்பார்கள்.

அல்வாவை வாங்கிச் செல்லாதீர்கள். மாலையில் கோயிலுக்கு எதிரே வரிசையில் நின்று, சூடாக இலைத்துண்டில் வாங்கி, அங்கேயே நின்று சாப்பிடுங்கள். விரல்களுக்கிடையே வழியும் நெய்யைத் துடைத்துக்கொண்டே, அறிமுகமில்லாத பக்கத்து ஆளிடம் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள் பாருங்கள், அந்தக் கால் மணி நேரம் டப்பாவில் அடைத்துத் தர முடியாதது.

பதில் 2: பாளை ஆசிரியை

வணக்கம் ஐயா. நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாளையங்கோட்டையில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். அண்ணாச்சி கோயிலைச் சொன்னதால் நான் பாலத்தைச் சொல்கிறேன்.

டவுன் பக்கத்துக்கும் பாளை பக்கத்துக்கும் இடையில் ஆறு ஓடுகிறது. ஒரு காலத்தில் படகில்தான் கடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து 1843-இல் அந்தப் பாலத்தை உருவாக்கித் தந்தார். அதன் மீது இன்றும் பேருந்துகள் ஓடுகின்றன. ஒரு தனிமனிதர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், இரண்டு கரைகளை இணைத்தார் என்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் பாலத்தை அதன்பின் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

பாளை மாவட்டமே மாறியதுபோல் தோன்றுவதற்குக் காரணம் பள்ளிகள். ஊசிக் கோபுரம் என்று நாங்கள் அழைக்கும் தேவாலயம் 1826-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தூய சவேரியார் கல்லூரி 1923-இல் தொடங்கியது. காலை எட்டரை மணிக்குத் தெருவில் நின்றால் எத்தனை நிறச் சீருடைகள் என்று எண்ண முடியாது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டுமென்று நான் விரும்புவது வேறொரு காட்சி. செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான பழைமையான பள்ளி ஒன்று இங்கே உள்ளது. பள்ளி விட்ட நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பிள்ளைகள் சாலையின் இரு பக்கமும் நின்றுகொண்டு, நடுவில் செல்லும் வண்டிகளின் இரைச்சல் சிறிதும் தடையாகாமல், விரல்களால் விரைவாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் கடைக்காரர்கள் பலருக்கும் அந்தச் சைகைகளில் சில தெரியும். இரண்டு விரல் எது, மீதிச் சில்லறை எது என்று கேட்காமலே புரிந்துகொள்வார்கள். பேச்சு வராதவர், சைகையாலேயே படை நடத்தியவர் என்று சொல்லப்படும் ஊமைத்துரை 1801-இல் தப்பிச் சென்றது இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்துதான் என்பது அந்த நிறுத்தத்தில் நிற்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வரும். கோட்டையின் மதில் பெரும்பாலும் போய்விட்டது.

தசராவின்போது ஊரிலுள்ள அம்மன் கோயில்களின் சப்பரங்கள் இரவெல்லாம் பவனி வருவதையும் தவறவிடாதீர்கள்.

பதில் 3: சுத்தமல்லி விவசாயி

அண்ணாச்சியும் டீச்சரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் கோவையில் உங்களுக்கு மலை இருந்ததைப்போல இங்கே திசை காட்டுவது தண்ணீர். அதை இருவருமே தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டார்கள்.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிக்கு இரண்டு பருவமழைகளும் உதவுகின்றன. அதனால்தான் கார், பிசானம் என்று எங்களுக்கு இரண்டு போகம். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் டவுன் பக்கமாக வருகிறது. ஆற்றின் மறுகரையில் பாளையங்கால்வாய் ஓடுகிறது. ஆறு, அதன் இரு பக்கமும் கால்வாய்கள், கால்வாய்களுக்குக் கீழே குளங்கள், குளங்களுக்குக் கீழே வயல்கள் என்ற வரிசையை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால் டவுன் ஏன் அங்கே இருக்கிறது, நயினார்குளம் ஏன் அங்கே இருக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும். நீங்கள் தினமும் பேருந்து ஏறும் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள்: நீங்கள் நிற்பது குளத்துக்குள்.

தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பகுதியே வெள்ளத்தில் நின்றது. எங்கள் வயலில் நட்டிருந்த பிசானப் பயிரின்மீது மணல் படிந்துபோனது. அதை அள்ளி அப்புறப்படுத்தவே இரண்டு மாதம் பிடித்தது. அதைவிட எனக்கு வேதனை தருவது, இவ்வளவு பெரிய ஆற்றை நகருக்குள் வைத்துக்கொண்டு அதிலேயே சாக்கடையையும் கலக்க விடுகிறோம் என்பது. படித்துறையில் நின்று குளிப்பவரின் காலடியிலேயே அது வந்து சேருகிறது. இந்த ஊரை நேசிக்கிறோம் என்று எழுதும் ஒவ்வொருவரும் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஐயா, நீங்கள் ஒருநாள் விடியற்காலையில் குறுக்குத்துறைக்குச் செல்லுங்கள். ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிட்டு, கோயிலை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். நீர் வடிந்ததும் கழுவிவிட்டு மீண்டும் பூசை தொடங்கும்.

கோவையிலிருந்து வந்தவர்

மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை, ஐந்தரை மணிக்கே குறுக்குத்துறைக்குச் சென்றேன். வெளிச்சம் முழுதாக வரவில்லை. கற்படியில் ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து, கோயிலின் பக்கம் கையை நீட்டாமல், எனக்குப் பின்னாலிருந்த சாலையைக் காட்டினார். பிறகு அங்கிருந்து நடந்தே பாலம் வரை வந்தேன். ஆற்றை வலப்புறம் வைத்துக்கொண்டு நடந்தபோது, மூன்று மாதத்தில் முதன்முறையாக, டவுன் எந்தப் பக்கம், பாளை எந்தப் பக்கம் என்பது யாரையும் கேட்காமல் தெரிந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. ஆனித் தேரோட்டத்துக்கு என் பெற்றோரை அழைத்துவர எண்ணியிருக்கிறேன். அவர்களால் கூட்டத்தில் நீண்ட நேரம் நிற்க முடியாது. எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம்?

ரதவீதிக்காரர்

தம்பி, ஐந்து தேர்கள் ஓடும். சுவாமி தேர்தான் பெரியது. ஆட்கள் வடம் பிடித்தே இழுப்பதால், எப்போது எங்கே நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீதியின் நடுவில் நிற்க வேண்டாம். ஏதேனும் ஒரு முக்கில், கடைத் திண்ணையாகப் பார்த்து, காலையிலேயே பெற்றோரை உட்கார வைத்துவிடுங்கள். கடைக்காரர்கள் வயதானவர்களை மறுக்கமாட்டார்கள், குடிக்கத் தண்ணீரும் தருவார்கள். அத்தனை பெரிய தேரை முட்டுக்கட்டை போட்டுப் போட்டு, அங்குலம் அங்குலமாகத் திருப்புவதை அங்கேதான் பார்க்க முடியும். நீங்கள் மட்டும் இறங்கி வந்து வடத்தில் கை வையுங்கள்.