அமிகா 500-இல் 68000-க்குப் பதிலாக 68010 செயலி பொருத்தலாமா?

கேள்வி:
வணக்கம். ஜெர்மனியில் வாழ்ந்த என் சித்தப்பாவிடமிருந்து வந்த அமிகா 500 என்னும் பழைய வீட்டுக் கணினி இன்றும் குறையின்றி இயங்குகிறது. அதிலுள்ள மோட்டோரோலா 68000 செயலியை எடுத்துவிட்டு 68010-ஐப் பொருத்தினால் வேகம் கூடும் என்று அறிந்து, ஒரு சில்லை வாங்கி வைத்திருக்கிறேன். பற்றவைக்க வேண்டியிருக்குமா, பழைய விளையாட்டுகள் தொடர்ந்து ஓடுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
பற்றவைக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் 64 கால்கள், ஒரே அடுக்குமுறை. செயலி சாக்கெட்டில்தான் அமர்ந்திருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகள் அசையாதிருந்த சில்லை ஒரு முனையில் மட்டும் நெம்பினால் மறுமுனைக் கால்கள் மடங்கிவிடும் என்பதால், தட்டையான திருப்புளியைச் சில்லுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நுழைத்து, இரு முனைகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். புதிய சில்லின் கால்கள் வெளிப்புறம் விரிந்திருந்தால், மேசைமீது ஒருக்களித்து மெல்ல அழுத்தி நேராக்கிய பிறகே பொருத்துங்கள். முனையிலுள்ள அரைவட்டப் பள்ளம் பழைய சில்லில் இருந்த பக்கமே இருக்க வேண்டும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2:
வேகத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கடிகார வேகம் ஐரோப்பிய அமிகாவில் அதே 7.09 மெகாஹெர்ட்ஸ்தான். மிகச் சிறிய சுழற்சிகளை நினைவகத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுக்காமல் சில்லுக்குள்ளேயே வைத்து ஓட்டும் வசதியால் சிறிதளவு ஆதாயம் கிடைக்கும், அவ்வளவே.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. செயலியின் அப்போதைய நிலையைக் குறித்து வைக்கும் நிலைப் பதிவகத்தைப் படிக்கும் கட்டளையை 68000-இல் எந்த நிரலும் பயன்படுத்தலாம். 68010-இல் அது இயங்குதளத்துக்கான மேலாண்மை நிலைக்கு மட்டுமே உரியது. சாதாரண நிரல் அதை இயக்கினால் 00000008 என்ற எண்ணுடன் குரு மெடிடேஷன் என்னும் அமிகாவின் பிழை அறிவிப்பு வந்து நின்றுவிடும். டெசிஜெல் என்னும் சிறு நிரலைத் தொடக்கக் கோப்பில் சேர்த்தால், அது அந்தப் பிழையை இடைமறித்துச் சரிசெய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் 68010-ஐப் பரிந்துரைப்பதற்குக் காரணம், இடையீடு நேரும்போது செயலி எங்கே தாவ வேண்டும் என்று சொல்லும் இடையீட்டு முகவரி அட்டவணையை நினைவகத்தில் வேறிடத்துக்கு மாற்ற அது இடமளிப்பதுதான். நிலைவட்டிலிருந்து டபிள்யூஎச்டிலோடு (வட்டு விளையாட்டுகளை நிலைவட்டில் நிறுவி ஓட்டும் நிரல்) வழியாக விளையாடுபவர்கள், கணினியை மறுபடி தொடங்காமல் விளையாட்டிலிருந்து வெளியேற இது பெரிதும் உதவுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மாற்றினேன், சிஸ்இன்ஃபோ என்னும் சோதனை நிரல் 68010 என்று காட்டுகிறது. ஒரு விளையாட்டு மட்டும் தன் வட்டிலிருந்தே நேரடியாகத் தொடங்குவதால் டெசிஜெல்லுக்கு அங்கே வேலையில்லாமல் நின்றுவிடுகிறது. அதற்காகவே பழைய 68000-ஐ, நிலைமின்சாரம் தாக்காத கருப்பு நுரையில் குத்திப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.